20 டாலர் இயர்போனும் 2 டாலர் ரப்பரும்

குறைந்த விலையில் காதுக்குள் செருகும் இயர்போன் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: மூன்டிராப் சூ 2 வாங்கலாமா, 7ஹெர்ட்ஸ் ஜீரோ 2 வாங்கலாமா? என்னிடம் இருப்பது ஜீரோ 2. என் மச்சானிடம் சூ 2 இருக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டதில் நான் ஜீரோ 2 பக்கம்தான். ஆனால் அந்த முடிவுக்கு இயர்போனைவிட அதன் மூக்கில், அதாவது ஒலி வெளிவரும் முனையில், மாட்டும் ரப்பர்தான் அதிகக் காரணம். அதனால் இதில் பாதிக்கு மேல் ரப்பர் பேச்சாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டென்று முடிக்க வேண்டியதை முடித்துவிடுகிறேன். இரண்டுமே 2023-இல் வந்தவை. இரண்டிலும் காதுக்கு ஒன்றாக 10 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர், அதாவது ஒலி எழுப்பும் சின்ன ஸ்பீக்கர். இரண்டிலும் கேபிளைக் கழற்றி மாற்றலாம். சூ 2 சுமார் 20 டாலர், ஜீரோ 2 சுமார் 25 டாலர். நான் இருப்பது மியான்மரின் யாங்கோனில்; இங்கே புழங்கும் கியாட்டில் எழுதினால் அடுத்த வாரமே அது பொய்யாகிவிடும், டாலரிலேயே இருக்கட்டும். சூ 2 உலோக உடல், சின்னது, கையில் எடுத்தால் காசுக்கு மேல் மதிப்புத் தெரியும். ஜீரோ 2 பிளாஸ்டிக், எடை குறைவு. எதற்கும் தனியாக ஆம்ப்ளிஃபையர் தேவையில்லை, ஃபோனிலேயே வேண்டிய சத்தம் வருகிறது. ஃபோனில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லையென்றால் டைப்-சி அடாப்டர் ஒன்று வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒலியிலும் பெரிய பகை இல்லை. ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஷான் ஓலிவ் குழு, கேட்பவர்களுக்கு எந்த ஒலிச் சமநிலை பிடிக்கிறது என்று ஆராய்ந்து, எந்த ஸ்தாயி எவ்வளவு உரக்கக் கேட்க வேண்டும் என்று காட்டும் ஒரு வளைவை வகுத்தது. இன்று மலிவு விலையில் நல்ல பெயர் எடுத்த இயர்போன்களில் பல அந்த வளைவைச் சுற்றித்தான் வட்டமடிக்கின்றன. இவை இரண்டும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவைதான். என் காதுக்கு ஜீரோ 2-இல் அடி ஒலி, அதாவது பேஸ், கொஞ்சம் கனம், மேல் ஸ்தாயி கொஞ்சம் மென்மை. சூ 2-இல் தாளமும் ஜால்ராவும் சற்றுக் கூர்மை. ஆனால் அதே சூ 2-இல் ரப்பரை மாற்றிவிட்டால் இந்த வித்தியாசத்தைவிடப் பெரிய வித்தியாசம் வருகிறது. நான் சொல்ல வந்தது இதுதான்.

மிருதங்கம் உள்ள எந்தப் பதிவையாவது போட்டுப் பாருங்கள். ரப்பர் காதுக்குழாயை முழுக்க அடைத்திருந்தால் தொப்பியின், அதாவது இடப் பக்கத் தோலின், கும்கி என்ற ஆழ்ந்த ஒலி உள்ளே இறங்கும். ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் வலப் பக்கமான வலந்தலை மட்டும் டங் டங் என்று நிற்கும், தொப்பி காணாமல் போகும். இயர்போனின் டிரைவர் சின்னஞ்சிறியது. காதுக்குள் அடைபட்ட அந்தக் கொஞ்சம் காற்றை அழுத்தித்தான் அது தாழ்ந்த ஒலிகளைக் கேட்க வைக்கிறது. கசிவு இருந்தால் அழுத்தம் வெளியே ஓடிவிடும். கசிவு கூடக் கூட, இழப்பும் அடிமட்டத்திலிருந்து மேலே ஏறிக்கொண்டே வரும். “பேஸே இல்லை” என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இயர்போனில் கோளாறே இருக்காது, ரப்பர் ஒரு அளவு சிறியதாக இருக்கும்.

சரியாக அடைத்திருக்கிறதா என்று பார்க்கப் பாட்டுகூட வேண்டாம். மாட்டிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். குரல் தலைக்குள்ளேயே முழங்கினால் அடைப்பு சரி. இரண்டு காதிலும் ஒரே மாதிரி முழங்க வேண்டும். பலருக்கு வலது காதும் இடது காதும் ஒரே அளவில் இருப்பதில்லை. எனக்கு இடது பக்கம் நடுத்தர அளவு, வலது பக்கம் பெரிய அளவு. இப்படிச் சோடி மாற்றிப் போடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இன்னொன்று, தாடை அசைந்தால் காதுக்குழாயின் வடிவமே சற்று மாறும். கூன்யா, அதாவது வெற்றிலைப் பாக்கு, மென்றுகொண்டே பாட்டுக் கேட்கிற நம் ஊர் ஆட்களுக்கு அடைப்பு விட்டு விட்டு வருவது அதனால்தான். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்கும் அப்படித்தான், சிலிக்கான் வழுக்கிக்கொண்டே வெளியே வரும்.

அடைப்பு ஒன்று, ஆழம் மற்றொன்று. மேல் ஸ்தாயி இந்த ஆழத்தைப் பொறுத்தது. பெரியவர்களின் காதுக்குழாய் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் நீளம். இயர்போன் மூக்கு கொஞ்சம் உள்ளே போன பிறகு செவிப்பறை வரை 21 மில்லிமீட்டர் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குறுகிய அறையில் 8 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஓர் அதிர்வு எழும்பி நிற்கும், ஏனென்றால் அந்த ஒலியின் பாதி அலைநீளம் அதே 21 மில்லிமீட்டர்தான். ‘ச’, ‘ஸ’ ஒலிகளின் சீறலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இன்னும் 4 மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் எழும்பும் இடம் 10 கிலோஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிடும், சீறல் அடங்கியதுபோலத் தோன்றும். மச்சானுடைய சூ 2 கூர்மையாகக் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பெட்டியில் வந்த ரப்பரோடு அது அவன் காதிலும் என் காதிலும் மேலோட்டமாகத்தான் நின்றது. கொஞ்சம் நீளமான ரப்பர் போட்டு உள்ளே இறக்கியதும் பாடகியின் ‘ஸ’ குத்துவது நின்றது.

ரப்பரின் துளை அகலமும் கணக்கில் வரும். அகலத் துளை மேல் ஒலிகளைத் தாராளமாக விடும், குறுகிய துளை அவற்றைக் கொஞ்சம் அடக்கி அடி ஒலியைத் தூக்கிக் காட்டும். எல்லாச் சோடியிலும் இது அப்படியே பலிக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சில சமயம் துளையைவிட ஆழம் மாறியதுதான் உண்மைக் காரணமாக இருக்கும், இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இனி விலைக் கணக்கு. 2022-இல் வந்த முதல் சூவின் பெட்டிக்குள்ளேயே ஸ்பிரிங் டிப்ஸ் என்ற நல்ல ரப்பர் இருந்தது. தனியாக வாங்கினால் அதுவே 13 டாலர் அளவுக்குப் போகும், அதாவது இயர்போன் விலையில் பாதிக்கு மேல். சூ 2-இல் கேபிளைக் கழற்றும் வசதி வந்தது, அந்த ரப்பர் போய்விட்டது. பெட்டியில் இருப்பது சாதாரண சிலிக்கான். அது உங்கள் காதுக்குச் சரியாக இருந்தால் யோகம். இல்லையென்று பெயர் பெற்ற ரப்பர் வாங்கப் போனால் 20 டாலர் சாமான் 25, 30 டாலராக ஏறிவிடும். ஜீரோ 2-இன் பெட்டியில் வந்த ரப்பர்களில் எனக்கு இரண்டு காதுக்கும் பொருந்தியவை கிடைத்தன, மேற்கொண்டு ஒரு காசு செலவழிக்கவில்லை. 5 டாலர் கூடுதல் விலை அங்கேயே சமமாகிவிட்டது. உங்கள் காது வேறு மாதிரி இருந்தால் கணக்குத் தலைகீழாகலாம்.

இங்கே யாங்கோனில் இதற்கு எடை கூட. ஆர்டர் எடுத்து வரவழைத்துத் தருகிறவர்களிடம் வாங்கிய இயர்போனைப் பொருந்தவில்லை என்று திருப்பித் தருவது நடக்கிற காரியமில்லை. ரப்பரை மட்டும் மாற்றுவது நடக்கும். உள்ளூர்க் கடைகளில் 2 டாலருக்கும் குறைவாகக் கிடைக்கும் பெயரில்லாத சிலிக்கான் சோடிகளிலேயே தேடினால் நல்லது அகப்படுகிறது.

ஃபோம், அதாவது நுரை ரப்பர், எங்கே என்று கேட்பீர்கள். நசுக்கிச் செருகினால் உள்ளே விரிந்து காதின் வடிவத்துக்கே உட்கார்ந்துவிடும். அடைப்பில் அதை மிஞ்ச ஆளில்லை. தெருவில் ஜெனரேட்டர் ஓடும்போது ஃபோமுக்கும் சிலிக்கானுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. மேல் ஒலிகளைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், கூர்மையான இயர்போனுக்கு அது நன்மையும்கூட. ஆனாலும் யாங்கோனில் ஃபோம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆண்டுக்கு 2,700 மில்லிமீட்டர் போல மழை பெய்யும் ஊர், அதுவும் பெரும்பாலும் மே முதல் அக்டோபர் வரை. வியர்வையும் காது அழுக்கும் ஏறிய நுரையைக் கழுவிக் காயவைக்க முடியாது. ஈரமான காதில் பூஞ்சை பிடிப்பது இந்த வானிலையில் அபூர்வமில்லை. நல்ல நிலையிலேயே ஒரு சோடி இரண்டு மூன்று மாதம்தான் தாங்கும். பெயர் பெற்ற ஃபோமில் மூன்று சோடி 15 முதல் 20 டாலர். வருஷத்துக்கு நான்கு சோடி என்று போட்டால் இயர்போன் விலை நுரைக்கே போய்விடும். சிலிக்கானை வெந்நீரிலும் சோப்பிலும் அலசித் துடைத்து மாட்டினால் முடிந்தது. கழற்றிக் கழுவ வேண்டும், மாட்டியபடியே கழுவி மூக்குக்குள் தண்ணீர் விட்டுவிடாதீர்கள்.

பராமரிப்பில் ஓர் இடத்தில் சூ 2 ஜெயிக்கிறது, மறைக்க மாட்டேன். அதன் மூக்கைத் திருகிக் கழற்றி வலையோடு மாற்றலாம். மூக்கின் வலையில் அழுக்கோ ஈரமோ அடைத்தால் ஒரு பக்கம் சத்தம் குறையும். மலிவு இயர்போன்கள் “ஒரு பக்கம் செத்துவிட்டது” என்று குப்பைக்குப் போவதில் ஒரு பங்கு இந்த அடைப்பால்தான். ஜீரோ 2-இல் வலையைப் பார்த்துப் பார்த்துத் துடைக்க வேண்டும். ராத்திரி சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வைப்பது இரண்டுக்கும் நல்லது. ஐந்து வருஷம் கழித்து எது மிஞ்சும் என்று கேட்டால் ஒருவேளை சூ 2-ஆக இருக்கலாம்.

வயர்லெஸ் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெனரேட்டரின் உறுமல் தாழ்ந்த, மாறாத ஒலி. அதை அடக்குவதில் சத்தம் நீக்கும் வயர்லெஸ் வகைக்குத்தான் முதலிடம், சிலிக்கான் மாட்டிய கம்பி இயர்போன் அதற்கு ஈடாகாது. இரவல் வாங்கிக் கேட்ட அளவில்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் அதிலும் ரப்பர் கசிந்தால் சத்த நீக்கம் பாதியாகிவிடும். மேலும் அதற்கு வேறு ரப்பர் தேடுவது தொல்லை, கொஞ்சம் உயரமாக இருந்தாலும் சார்ஜ் பெட்டி மூடாது. கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத வீட்டில் சார்ஜ் போட இன்னொரு சாமான் வேண்டுமா என்பது அவரவர் பாடு.

ஒலியை ஏற்றி வைத்து வெளிச்சத்தத்தை அமுக்குவது மட்டும் கூடாது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபல் என்பது உலக சுகாதார அமைப்பு சொல்லும் எல்லை. நகரைச் சுற்றும் வட்ட ரயிலில் ஒரு முழுச் சுற்று சில மணி நேரம். ஜன்னல் திறந்த பெட்டியில் கசியும் ரப்பரோடு உட்கார்ந்தால் கை தானாகவே வால்யூமை ஏற்றும். அடைப்புச் சரியாக இருந்தபோது அதே பாட்டை மூன்று நான்கு படி குறைத்து வைத்தே கேட்க முடிந்தது.

டாங்சு வானர் என்று இதே விலையில் இன்னொன்று இருக்கிறது. ஒரு மாலை மட்டும் கேட்டேன், குரல் இனிமையாக இருந்தது, அதற்கு மேல் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் பழகவில்லை. ஏற்கெனவே கையில் வேறு ஏதாவது மலிவு இயர்போன் இருந்து, பேஸ் இல்லை என்றோ காது குத்துகிறது என்றோ மனக்குறை இருந்தால், முதலில் ஒரு அளவு பெரிய சிலிக்கான் சோடி ஒன்றும் கொஞ்சம் நீளமானது ஒன்றும் வாங்கிப் பாருங்கள். வாங்கும்போது மூக்கின் பருமனைப் பார்த்து, நடுத்துளை அதற்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். தளர்வாக இருந்தால் இயர்போனை வெளியே இழுக்கும்போது ரப்பர் காதுக்குள்ளேயே தங்கிவிடும், அதை எடுக்க டாக்டரிடம் போக வேண்டியிருக்கும்.