கிரகணத்துக்கு வெண்பாவா, விருத்தமா?

2025 செப்டம்பர் 7, ஞாயிறு இரவு. சுற்றுலா வண்டிகள் சேலத்துக்கு இறங்கிய பிறகு, ஏற்காட்டில் நண்பர் வீட்டு மொட்டைமாடியில் சந்திர கிரகணம் பார்த்தோம். 11 மணியிலிருந்து 82 நிமிடம் நிலா முழுக்கச் செம்பு நிறம். மரபுக் கவிதை எழுதுகிற கூட்டம், சும்மா இருக்குமா? இந்தக் காட்சிக்குப் பொருந்தும் பா வடிவம் வெண்பாவா விருத்தமா என்று வழக்கு. இரண்டிலும் எழுதினேன், என் ஓட்டு விருத்தத்துக்கு.

வெண்பாவின் பெருமை தெரிந்ததுதான்: சுருக்கம், ஈற்றடியில் ஒரு வெட்டு, வாட்ஸ்அப்புக்குத் தோது. என் குறள் வெண்பா:

பூமி நிழல்பட்டுப் போயொளிந்த வெண்ணிலவு
சாமி சிவந்த முகம்

சாமி என்றது மலைமேல் குகைக்கோயில் சேர்வராயனை.

சிக்கல் தளையில், அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதியில். சீர் அசைகளால் ஆனது: ஒற்றை (புள்ளி எழுத்தை) விட்டு எண்ணினால் ஓரெழுத்து நேரசை, குறிலில் தொடங்கும் ஈரெழுத்து நிரையசை. ஈரசைச் சீர் நிரையில் முடிந்தால் விளம், நேரில் முடிந்தால் மா. வெண்பாவில் விளச்சீரை அடுத்து நேரசைதான் வர வேண்டும். 'சந்திர' கூவிளம் என்ற விளச்சீர்; 'கிரகணம்' நிரையில் தொடங்குகிறது. ஆக, பாட்டின் பொருளையே உள்ளே விட முடியாது! சேர்த்து ஒரே சீராக்கினால் நாலசை, அதற்கும் இடமில்லை. 'பூமியின் நிழல்' கூடத் தளை தட்டும். மேலே 'இன்' காணாமல் போனது அதனால்தான். அப்புறம் திருத்தம். ஒரு சொல்லைத் தொட்டால் அடுத்த சீர் தட்டும், அதைச் சரிசெய்தால் மோனை (முதலெழுத்து ஒத்து வருவது) போகும்.

விருத்தத்தில் இந்தத் தொல்லை இல்லை. அடிக்கு ஏழு சீர் வரும் எழுசீர் விருத்தத்துக்கு 'விளம் மா விளம் மா விளம் விளம் மா' என்ற வாய்பாட்டை எடுத்துக்கொண்டேன். ஓர் அடி, இரண்டு வரியாக:

சந்தடி அடங்க மலைமிசை நின்று
சந்திர கிரகணம் கண்டோம்

கிரகணம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 'மலைமிசை' பிடிக்கவில்லையா, 'மாடியில்' என்று போடுங்கள். அதுவும் விளம்தான், பக்கத்துச் சீர் எதுவும் அசையாது. நாலடிக்கும் ஒரே எதுகை (இரண்டாம் எழுத்து ஒத்து வருவது) வேண்டும் என்பது சுமைதான். ஆனால் வந்து, முந்தி, மந்தி என்று சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஏற்காட்டில் மந்திக்கும் பஞ்சமில்லை. தவிர, நிழல் கடிக்கத் தொடங்கி விட்டு விலக மூன்றரை மணி நேரம் ஆன காட்சி அது. நீள அடிதான் அதற்குப் பொருந்துகிறது.

கட்டளைக் கலித்துறை என்ற இன்னொரு பா வடிவம்? நேரில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரைக்கு 17. அதில் எனக்குக் கை பழகவில்லை, தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் வெண்பாவின் தளையான வெண்டளை அதற்கும் உண்டு, 'சந்திர கிரகணம்' அங்கேயும் வாசலில்தான் நிற்கும். 2028 டிசம்பர் 31 இரவு இன்னொரு முழு கிரகணம் இருக்கிறது. அதற்குள் பழகினால் எழுதிப் பார்க்கிறேன்.