பாஸ் தூண்டிலுக்கு பெய்ட்காஸ்டர் ரீல்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின் சில குறிப்புகள்

பாஸ் என்னும் நன்னீர் மீனுக்காக பெய்ட்காஸ்டர் ரீல், அதாவது தூண்டில் நரம்பு சுற்றும் ஸ்பூல் குறுக்காகப் படுத்திருக்கும் ரீல், வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் விலையையும் உள்ளே எத்தனை பேரிங் இருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஷிமானோ குராடோ கே, டைவா டட்டூலா ஆகிய இரண்டு நடுத்தர விலை ரீல்களைச் சில ஆண்டுகளாக டெக்சஸ் ஏரிகளில் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பிறகு, நான் முதலில் கேட்கும் கேள்வி வேறாகிவிட்டது. வீசப்போகும் செயற்கை இரையின் எடை எவ்வளவு, அந்த எடைக்கு ரீலின் பிரேக் ஒத்துவருமா என்பதே அது. இதற்கு விடை கிடைத்துவிட்டால் மற்ற விவரங்களில் பாதி தேவையற்றவை என்று தெரிந்துவிடும்.

நான் அதிகம் செல்வது டாலஸுக்குக் கிழக்கே உள்ள லேக் ஃபோர்க் ஏரிக்கு. 1980-இல் அணை கட்டி முடிக்கப்பட்டு நீர் ஏறியபோது வெட்டாமல் விடப்பட்ட மரங்கள் இன்னமும் பட்ட மரங்களாக நீருக்குள் நிற்கின்றன. டெக்சஸ் மாநிலத்தின் லார்ஜ்மவுத் பாஸ் சாதனையான 18.18 பவுண்டு மீன், அதாவது ஏறத்தாழ எட்டேகால் கிலோ, 1992 ஜனவரியில் பேரி செயின்ட் கிளேர் என்பவருக்கு இங்கேதான் கிடைத்தது. இத்தகைய ஏரியில் தூண்டில் முள் தைத்தவுடன் மீன் நேராக மரத்தின் அடியை நோக்கித்தான் பாயும். அதைத் திருப்பி இழுக்க 15 பவுண்டு இழுப்பைத் தாங்கும் ஃப்ளோரோகார்பன் (ஒற்றை இழைப் பிளாஸ்டிக்) நரம்போ 50 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்போ வேண்டும். ஸ்பூல் சுழலாமல் நிற்கும் ஸ்பின்னிங் ரீலில் தடித்த நரம்பு சுருள் சுருளாகத் துள்ளி வெளியேறுவதோடு, இழுக்கும்போது உருளையில் செங்கோணமாக மடங்கவும் வேண்டியிருக்கிறது. பெய்ட்காஸ்டரில் ஸ்பூல் குறுக்காகப் படுத்திருப்பதால் நரம்பு நேராக வந்து சுற்றிக்கொள்ளும். கைப்பிடியின் விசை வீணாகாமல் மீனுக்குப் போய்ச் சேரும். ஆனால் ஏழு கிராமுக்குக் குறைவான இரைகளுக்கு நான் இன்றும் ஸ்பின்னிங் ரீலைத்தான் எடுக்கிறேன். மெல்லிய இரைகளை வீசுவதற்கென்றே சிறிய, எடை குறைந்த ஸ்பூல் வைத்த பெய்ட்காஸ்டர்கள் கிடைக்கின்றன என்றாலும், அவற்றின் விலைக்கு ஒரு நல்ல ஸ்பின்னிங் ரீலும் ராடும் வாங்கிவிடலாம்.

கியர் விகிதம், அதாவது கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் எத்தனை முறை சுழலும் என்பது பற்றி இணையத்தில் வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. குராடோ கே 200 வரிசையில் 6.2, 7.4, 8.5 என மூன்று விகிதங்கள் உண்டு. கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு முறையே சுமார் 66, 79, 91 சென்டிமீட்டர் நரம்பு உள்ளே வரும். ஆழத்தில் நீந்தும் மீன் வடிவ இரையான கிராங்க்பெய்ட்டை நாள் முழுவதும் இழுப்பவர்களுக்கு வேகமான கியர் மணிக்கட்டு வலியைத்தான் தரும். அடியில் தட்டித் தட்டி நகர்த்தும், எடை கட்டிய முள்ளான ஜிக்குக்கும், நீர்ப்பாசிக்கு மேல் தவளை பொம்மையைத் தத்த விடுவதற்கும் தளர்ந்த நரம்பை உடனே அள்ள வேண்டியிருப்பதால் வேகமான கியர் உதவும். ஒரே ரீல்தான் வாங்க முடியும் என்றால் நடுவிலுள்ளதை எடுத்துக்கொள்ளலாம்.

பிரேக்குக்கு வருவோம். வீசும் கணத்தில் இரை ஸ்பூலை இழுத்துச் சுழல வைக்கிறது. இரை காற்றில் வேகம் இழக்கத் தொடங்கிய பிறகும் ஸ்பூல் அதே வேகத்தில் சுழன்றால், வெளியேற வழியில்லாத நரம்பு ஸ்பூலின் மேலேயே பொங்கிச் சிக்காகிறது. இதைத் தடுக்க மூன்று தடைகள் இருக்கின்றன. கைப்பிடிப் பக்கத்துத் திருகு ஸ்பூலின் அச்சை இறுதிவரை ஒரே அழுத்தத்தில் பிடிக்கும். பிரேக் பெரும்பாலும் வீச்சின் தொடக்கத்திலும் நடுவிலும் வேலை செய்யும். இரை நீரைத் தொடும் கணத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியது கட்டைவிரல்.

குராடோவில் இருப்பது மையவிலக்கு பிரேக். ஸ்பூல் வேகமாகச் சுழலும்போது சிறு துண்டுகள் வெளியே தள்ளப்பட்டு உராய்கின்றன. டட்டூலாவில் இருப்பது காந்த பிரேக்; ஸ்பூலோடு சுழலும் ஓர் உலோக வளையம் வேகம் கூடக்கூட வெளியே நகர்ந்து காந்தப் புலத்துக்குள் நுழைகிறது, வேகம் தணிந்ததும் பின்வாங்குகிறது. நடைமுறையில் நான் கண்ட வேறுபாடு இதுதான்: காற்றில்லாத காலையில் 14 கிராம் லிப்லெஸ் (முன்தகடு இல்லாத) கிராங்க்பெய்ட்டை வீசினால் குராடோ சற்றுத் தாராளமாகப் போகிறது, எதிர்காற்றில் டட்டூலா என் கட்டைவிரலுக்கு வேலை குறைவாக வைக்கிறது. மார்ச் மாதத்தில் தெற்குக் காற்று ஓயாமல் வீசும் டெக்சஸில் இது சிறிய சலுகை அல்ல.

பிரேக்கைச் சரிசெய்ய எல்லோரும் சொல்லித்தரும் வழி, இரையைக் கட்டித் தொங்கவிட்டு ஸ்பூலை விடுவித்து, அது மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கிறதா என்று பார்ப்பது. முதல் சில வாரங்களுக்கு இது நல்ல வழிதான். ஆனால் அதையே பிடித்துக்கொண்டால் அச்சு எப்போதும் இறுக்கத்திலேயே இருக்கும், தூரமும் குறையும். நான் இப்போது ஸ்பூலின் பக்கவாட்டு ஆட்டம் நின்றுபோகும் அளவுக்கு மட்டும் திருகை முடுக்கிவிட்டு அதைத் தொடுவதில்லை. எஞ்சியதைப் பிரேக் டயலில் உள்ள எண்ணைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொள்கிறேன். எண்ணைத் தீர்மானிப்பது இரையின் எடை மட்டுமல்ல, அதன் உருவமும்தான். ஒரே 14 கிராமானாலும், கம்பியும் தகடும் விரிந்த ஸ்பின்னர்பெய்ட் காற்றில் சீக்கிரம் வேகம் இழப்பதால் லிப்லெஸ்ஸை விடக் கூடுதல் பிரேக் கேட்கும்.

சிக்கு விழுந்துவிட்டால் நகத்தால் பிய்க்கத் தொடங்கக் கூடாது. மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக்கை இறுக்கி, கட்டைவிரலை ஸ்பூல்மீது அழுத்தமாக வைத்தபடி கைப்பிடியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு நரம்பை மெல்ல இழுத்தால் பெரும்பாலான சிக்குகள் தானாகவே அவிழும். பின்னல் நரம்பில் வேறொரு தொல்லை உண்டு. இரை கட்டையில் மாட்டி ஓங்கி இழுத்தபின் நரம்பு கீழடுக்குகளுக்குள் புதைந்துவிடும். அடுத்த வீச்சு பாதியில் நின்று இரை அறுந்து பறக்கும். மாட்டி விடுபட்ட ஒவ்வொரு முறையும் புதைந்த இடம் கடக்கும்வரை நரம்பைக் கையால் உருவி, விரல்களுக்கிடையே அழுத்திப் பிடித்து மறுபடி சுற்றிவிடுவது நல்லது. பின்னல் நரம்பு வழுவழுப்பானது என்பதால், முதலில் சில சுற்று நைலான் நரம்பைக் கட்டாமல் அதை நேரடியாக ஸ்பூலில் கட்டினால் மொத்தச் சுற்றும் வழுக்கும். பார்ப்பவருக்கு டிராக் கெட்டுவிட்டது போலவே தோன்றும்.

டிஜிட்டல் பிரேக் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஷிமானோ 2003-இல் கல்கட்டா கான்குவெஸ்ட் வரிசையில் கொண்டுவந்த இந்த நுட்பம் 2019-இல் எஸ்எல்எக்ஸ் டிசி மூலம் 200 டாலருக்குள் வந்துவிட்டது. பேட்டரி கிடையாது; ஸ்பூலின் சுழற்சியே மின்சாரம் தருகிறது, சிறு கணினி வேகத்தைப் பார்த்துத் தடுக்கிறது. நண்பருடையதை வாங்கி வீசிப் பார்த்ததில், இருட்டில் மீன் பிடிப்பவருக்கும் புதிதாகக் கற்பவருக்கும் அது உண்மையிலேயே பயன்படும் என்று தோன்றியது. வீசும்போது எழும் அந்த ரீங்காரத்தைச் சிலர் ரசிக்கிறார்கள். எனக்கு அமைதி பிடிக்கும்.

பராமரிப்பில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுமே செய்யாமலிருப்பது அல்லது எல்லா இடத்திலும் எண்ணெயை ஊற்றுவது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கியில் இந்த வகை ரீலை உருவாக்கிய ஜார்ஜ் ஸ்னைடர் கடிகாரம் செய்தவர். ரீலின் உள்ளே இன்றும் அதே நுணுக்கம்தான் கேட்கிறது. பக்கத் தகட்டைக் கழற்றி ஸ்பூலை எடுத்தால், தகட்டின் நடுவில் மெல்லிய கம்பி வளையம் ஒன்று பேரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை ஊசி முனையால் நெம்பும்போது மற்றொரு கையால் மூடிக்கொள்ள வேண்டும். துள்ளி விழுந்தால் கம்பளத்தில் தேடிக் கண்டெடுப்பது கடினம். பேரிங்கைச் சிறிய கண்ணாடிக் குப்பியில் லைட்டர் திரவம் விட்டுக் குலுக்கினால் பழைய எண்ணெய் கறுப்பாக இறங்கும். உலர்ந்தபின் பென்சில் முனையில் செருகிச் சுண்டிவிட்டால், சுத்தமான பேரிங் சத்தமில்லாமல் நெடுநேரம் சுழலும்; தூசி மிச்சமிருந்தால் கரகரவென்று சட்டென நின்றுவிடும். அப்புறம் ஊசிக் குழாயால் மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு துளி. இரண்டாவது துளி வீச்சைக் குறைக்கும். துளியே விடாவிட்டால் வீசும்போது கிரீச்சென்று கத்தும்.

நரம்பை இடவலமாக நகர்த்தும் மரைத்தண்டுதான் அதிகம் அழுக்காகும் இடம், ஏனென்றால் நரம்பு கொண்டுவரும் நீரும் மணலும் காய்ந்த பாசியும் அங்கேதான் சேர்கின்றன. பஞ்சுக் குச்சியால் துடைத்து எண்ணெய் வைத்தால் போதும். கெட்டியான கிரீஸ் மணலைப் பிடித்துவைத்து மரையைத் தின்றுவிடும். கிரீஸுக்கு உரிய இடம் பெரிய கியர். கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் உருளை பேரிங்குக்கு மட்டும் கிரீஸ் ஆகவே ஆகாது. ஒருமுறை ஒரு கடையில் சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கிய ரீல், அடுத்த பயணத்திலேயே முள்ளைத் தைக்க ஓங்கி இழுத்தபோது அரைச் சுற்றுப் பின்னால் வழுக்கியது, மீனும் போயிற்று. வீட்டில் திறந்து பார்த்தால் அந்த உருளைகளுக்கிடையே கிரீஸ் அப்பியிருந்தது. துடைத்து எடுத்து எண்ணெய் பூசினாற்போல் தடவியதும் வழுக்கல் நின்றது. அதற்குப் பிறகு எந்த ரீலையும் வெளியே கொடுப்பதில்லை.

கால்வெஸ்டன் பக்கம் கடல் மீனுக்கு இதே ரீல்களை எடுத்துச் சென்றால், திரும்பியதும் டிராக்கை இறுக்கி மென்மையாக நன்னீர் தெளித்து, துடைத்து, பிறகு டிராக்கை முழுவதும் தளர்த்தி வைக்க வேண்டும். குழாயைப் பீய்ச்சி அடித்தால் உப்பு வெளியேறாது, உள்ளேதான் போகும்.

பழைய ரீல் வாங்குபவர்கள் கைப்பிடியை மிக மெதுவாகச் சுற்றி, காதருகே வைத்துக் கேட்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தட்டினால் கியர் பல் தேய்ந்திருக்கிறது. நரம்பு வழிகாட்டி இரு கோடிகளிலும் தயங்காமல் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். தயங்கினால் உள்ளிருக்கும் சிறு நாக்கு தேய்ந்திருக்கலாம், அது சில டாலர் செலவில் முடியும் வேலை. கியர் போயிருந்தால் உதிரிபாகத்தின் விலையை முதலில் விசாரித்துவிட்டுத்தான் பேரம் பேச வேண்டும்.