ஜிம்னியும் ஒரு கூடாரமும்: சேலத்தைச் சுற்றி 37 இரவுகள்

2023 செப்டம்பரில் மாருதி சுஸுகியின் ஜிம்னி கைக்கு வந்தது. நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கக்கூடிய, ஜீப் மாதிரியான சின்ன வண்டி. ஐந்து கதவு, பெட்ரோல், கையால் கியர் மாற்றும் மாடல். இப்போது மீட்டரில் 34,000 கிலோமீட்டர். வீடு சேலத்தில். வெளியே கூடாரம் போட்டுத் தங்கிய இரவுகளை மனைவி ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். இரண்டு வருடத்தில் 37 இரவுகள். அதில் ஒன்றுகூட வீட்டிலிருந்து 120 கிலோமீட்டருக்கு அப்பால் இல்லை.

வண்டி எடுத்தபோது பார்த்தவர்கள் எல்லாம் "லடாக் எப்போ?" என்றுதான் கேட்டார்கள். எங்கள் இருவருக்கும் சனிக்கிழமை மதியம் வரை வேலை. மகளுக்கு ஏழு வயது, திங்கள் காலை பள்ளிக்கூடம். எங்களுக்குக் கிடைப்பது ஒரு சாயங்காலம், ஒரு இரவு, ஒரு பகல். ஆனால் சேலத்துக்காரர்களுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். வடக்கே ஏற்காடு, கிழக்கே கல்வராயன், தெற்கே கொல்லிமலை, அதற்கும் கிழக்கே பச்சைமலை. இந்த நான்கு மலைகளுக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போய்வந்த அனுபவம் இது. இதே மாதிரி வண்டி வாங்க நினைப்பவர்களுக்கும், வாங்கிவிட்டு எங்கே போவது என்று இருப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் எல்லாரும் கேட்கிற கேள்வி: நான்கு சக்கர இழுவை எவ்வளவு பயன்பட்டது? ஓடிய 34,000 கிலோமீட்டரில் 4எச் (நான்கு சக்கரத்துக்கும் இழுவை, சாதாரண வேகத்தில்) போட்டு ஓடியது நானூறு கிலோமீட்டர் இருக்கலாம். 4எல் (அதே நான்கு சக்கர இழுவை, வேகம் குறைவு, பலம் அதிகம்) நாற்பது கூட இருக்காது. கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும்போது வரும் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும், ஏற்காட்டின் 20 வளைவுகளுக்கும் சாதாரண 2எச் (பின் சக்கரங்களுக்கு மட்டும் இழுவை) போதும். உண்மையில் அங்கே 4எச் போடவே கூடாது. இந்த வகை வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரென்ஷியல், அதாவது இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் கியர் அமைப்பு, கிடையாது. காய்ந்த தார்ச்சாலையில் வளைக்கும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும். 4எச்சில் அதற்கு வழியில்லாமல் கியர்கள் முறுக்கிக்கொள்ளும். மண், சேறு, சரளைக்கல் என்று சக்கரம் கொஞ்சம் வழுக்க இடம் இருக்கிற தரையில்தான் அது நல்லது. புதிதாக வாங்கியவர்கள் இதை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த நாற்பது கிலோமீட்டர் என்பது பெரும்பாலும் ஊர்ச்சாலை முடிந்து தோட்டத்து வீட்டுக்குப் போகிற கடைசி ஒரு கிலோமீட்டர்தான். கூடாரம் போடும் இடம் எப்போதும் அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

போன வருடம் ஐப்பசியில் கருமந்துறைக்கு மேலே நடந்ததைச் சொல்கிறேன். வாழப்பாடி, பேளூர், தும்பல் வழியாக ஏறினோம். நாங்கள் வழக்கமாகத் தங்கும் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) தோட்டத்துக்குச் செம்மண் தடம். முந்தின இரவு நல்ல மழை. டிராக்டர் போன தடத்தில் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவே முதுகு மாதிரி மேடு. நான் பள்ளத்துக்குள்ளேயே சக்கரத்தை விட்டுப் போனேன். அதுதான் தப்பு. நடு மேட்டில் வண்டியின் வயிறு தட்டி, முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் பிடிப்பில்லாமல் சுற்ற ஆரம்பித்தன.

4எல், முதல் கியர். சுற்றும் சக்கரத்துக்கு மட்டும் தானாகப் பிரேக் பிடித்து, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு இழுவையைத் தள்ளும் ஏற்பாடு இந்த வண்டியில் உண்டு. ஆனால் ஆக்சிலேட்டரை விட்டு விட்டு மிதித்தால் அது வேலை செய்ய நேரமே கிடைக்காது. ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்க வேண்டும். பதற்றத்தில் நான் அதைச் செய்யவில்லை. தோட்டக்காரர் மேலேயிருந்து இறங்கி வந்தார். "தம்பி, ஏறி மிதிக்காதீங்க, இன்னும் தோண்டுது" என்று சொல்லிவிட்டு, வரப்போரம் காய்ந்து கிடந்த குச்சிக்கிழங்குக் குச்சிகளை இரண்டு கைப்பிடி அள்ளி, சுற்றிக்கொண்டிருந்த இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் குறுக்காகப் போட்டு மிதித்தார். டயரில் காற்றழுத்தத்தை 20 பிஎஸ்ஐ-க்கு இறக்கினேன். அப்புறம் மெதுவாக, ஒரே சீராக மிதித்தேன். அடியில் 'டர்ர்' என்று பிரேக் பிடித்து விடும் சத்தம், குச்சிகள் நொறுங்கும் சத்தம், வண்டி ஒரு அடி நகர்ந்தது, பிறகு ஏறிவிட்டது. மகள் கை தட்டினாள்.

அன்றைக்குப் பிறகு பள்ளமான தடங்களில் ஒரு சக்கரத்தை நடு மேட்டிலும், மறு சக்கரத்தைத் தடத்துக்கு வெளியிலும் வைத்துத்தான் ஓட்டுகிறேன். 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி கேட்க நிறையத் தெரியும். டிராக்டர் தடத்துக்கு அது போதாது. மழை பெய்திருந்தால் கிளம்புவதற்கு முன் மேலே போன் செய்து தடம் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கும் இடத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதும் கூடாரம் போடுவதும் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இறந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதனால் நாங்கள் பட்டா நிலத்தில் மட்டும்தான் தங்குகிறோம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டம், கொல்லிமலையில் மிளகும் வாழையும் போட்டிருக்கும் ஒரு தோட்டம், கருமந்துறையில் மேலே சொன்ன இடம், பச்சைமலையில் ஒரு மேட்டு நிலம். எல்லாமே நேரில் போய், டீக்கடையில் விசாரித்து, உரிமையாளரைப் பார்த்துப் பேசிப் பிடித்தவை. ஒரு இரவுக்கு 500 ரூபாய் கொடுக்கிறோம்; ஒருவர் மட்டும் பணமே வாங்குவதில்லை, அவர் வீட்டுக்குச் சேலத்திலிருந்து மாம்பழமோ தார்ப்பாயோ கொண்டுபோகிறோம். மாசியிலிருந்து வைகாசி வரை விறகு மூட்டுவதே இல்லை. சின்ன கேஸ் அடுப்புதான், அதையும் புல் இல்லாத வெறும் தரையில் வைப்போம்.

இடம் தேர்வதில் நாங்கள் கற்றதெல்லாம் அந்தத் தோட்டக்காரர்கள் சொல்லிக்கொடுத்ததுதான். கொல்லிமலையில் முதல் தடவை நல்ல நிழல் என்று பலா மரத்தடியில் கூடாரத்தை விரித்தேன். "இங்க வேண்டாங்க, ராத்திரி பழம் விழும்" என்று அந்த வீட்டு அம்மா சொன்னார். சித்திரை மாதம் அது. விடியற்காலையில் தொம்மென்று ஒரு சத்தம். காலையில் போய்ப் பார்த்தால் நான் முதலில் விரித்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பழம் பிளந்து கிடந்தது. காய்ந்த ஓடை மணலும் அப்படித்தான். பஞ்சு மாதிரி இருக்கும், ஆனால் மேலே மலையில் எங்கோ பெய்த மழை இரவில் இறங்கி வரும். ஓடையிலிருந்து நன்றாக ஏறி, வயல் வரப்பின் உயரமான ஓரத்தில்தான் போட வேண்டும்.

கூடாரம் இரண்டு அடுக்குத் துணி உள்ளது, மூன்று பேர் படுக்கலாம். முதலில் வாங்கியது ஒற்றை அடுக்கு. மார்கழி இரவில் மூச்சுக்காற்றே உள்பக்கம் நீராகி, காலையில் போர்வை நனைந்திருந்தது. மழை உள்ளே வருகிறது என்று நினைத்து மேலே எதையெல்லாமோ போட்டு மூடினேன், இன்னும் மோசமானது. காற்றுப் போக வழிவிட்டால் சரியாகிவிடும் என்று புரிய மூன்று பயணம் ஆனது.

சாமான் வைக்கும் இடம் இந்த வண்டியில் குறைவு. பின் சீட்டை மடக்காவிட்டால் 208 லிட்டர்தான், அதாவது ஒரு பெரிய பெட்டியும் ஒரு பையும். இது தெரிந்து வாங்கினால் வருத்தம் இருக்காது. நான் செய்த தப்பு, அதைச் சமாளிக்கக் கூரைமேல் கேரியர் போட்டதுதான். ஒரு கடையில் போட்டேன், நான்கே மாதத்தில் பிடிகள் தளர்ந்து கொல்லிமலை இறக்கத்தில் ஆட ஆரம்பித்தது. கடைக்காரர் கையை விரித்துவிட்டார். கழற்றிப்போட்டேன். அப்புறம் சாமானைத்தான் குறைத்தோம். மடக்கு மேசை போனது, இரண்டாவது விளக்கு போனது, பெரிய ஐஸ் பெட்டி போனது. இப்போது இருப்பது: கூடாரம், தரைவிரிப்பு, மூன்று போர்வை, அடுப்பு, இரண்டு பாத்திரம், இருபது லிட்டர் தண்ணீர் கேன், ஒரு மண்வெட்டி, இழுவைப் பட்டை, ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பலகை ஒன்று, காற்றடிக்கும் சிறு மிஷின். எல்லாம் மகளின் சீட்டுக்குப் பின்னாலும் பக்கத்திலும் அடங்குகிறது. விஞ்ச் (சிக்கிய வண்டியைக் கம்பி வடத்தால் இழுக்கும் மிஷின்) வாங்கவில்லை, இன்றுவரை தேவையும் படவில்லை. காற்று மிஷின் மட்டும் இல்லாமல் கிளம்புவதில்லை, ஏனென்றால் கரடுமுரடுக்கு இறக்கிய காற்றைத் தார்ச்சாலைக்கு வந்ததும் ஏற்றியே ஆக வேண்டும். காற்று குறைந்த டயரோடு வேகமாக ஓடினால் டயர் சூடாகிக் கெட்டுப்போகும்.

பெட்ரோல் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர், மலை ஏறி இறங்கும் வார இறுதிகளில் 11, 12. பராமரிப்பில் நான் கூடுதலாகச் செய்வது இரண்டு. ஒவ்வொரு சேற்றுப் பயணத்துக்குப் பிறகும் அடியில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறேன். சக்கரத்தின் உள்பக்க விளிம்பில் செம்மண் ஒட்டிக் காய்ந்தால் எண்பதைத் தாண்டும்போது ஸ்டியரிங் நடுங்கும், அலைன்மெண்ட் கோளாறு என்று ஒரு தடவை வீணாகச் செலவும் செய்தேன். இன்னொன்று, ஓடையில் இறங்கி ஏறியிருந்தால் கிரவுன் ஆயிலை (அச்சில் இருக்கும் கியர்களுக்கான எண்ணெய்) மெக்கானிக்கிடம் திறந்து பார்க்கச் சொல்கிறேன். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். இதுவரை போகவில்லை.

ஒரு எச்சரிக்கை. ஆடி 17, 18-ல் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா. விழாவைப் பார்க்கவே போகிறவர்கள் போகலாம், நன்றாக இருக்கும். அமைதியாகத் தங்க வேண்டும் என்றால் அந்த வாரம் பச்சைமலைக்குப் போய்விடுங்கள்.

பக்கத்திலேயே போவதால் என்ன கிடைக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். போன பங்குனியில் ஏற்காட்டில் முதல் கோடை மழை பெய்தது. பத்து நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை இரவு, காப்பித் தோட்டத்து மேஸ்திரி போன் செய்தார். "சார், பூ எடுத்திருச்சு. திங்கக்கிழமைக்கெல்லாம் வாடிரும்." காப்பிச் செடி அப்படித்தான், மழைக்குப் பிறகு தோட்டம் முழுக்க ஒரே சமயத்தில் பூக்கும், இரண்டு மூன்று நாளில் கருகிவிடும். சனிக்கிழமை இரண்டு மணிக்கு வேலை முடிந்து, நான்கரைக்கெல்லாம் தோட்டத்துக் கேட்டைத் தாண்டி 4எல்லில் இறங்கிக்கொண்டிருந்தோம். கண்ணாடியை இறக்கினதும் மல்லிகைப் பூக்கடைக்குள் நுழைந்த மாதிரி வாசனை. சில்வர் ஓக் நிழலில் வரிசை வரிசையாகக் கிளை தெரியாமல் வெள்ளை. தேனீக்களின் இரைச்சல் என்ஜின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. மகள் என்ஜினை அணைக்கச் சொன்னாள். அணைத்துவிட்டு, பாதி இறக்கத்திலேயே ஹேண்ட்பிரேக் போட்டு, இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அன்று கூடாரம் விரிக்க எட்டு மணி ஆகிவிட்டது.