மான் வேட்டைக்குக் கைத்துப்பாக்கி: எந்த எடைக் குண்டு கைகொடுக்கிறது?

அமெரிக்காவில் ரிவால்வரோடு வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் கடையில் முதலில் பார்ப்பது தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆற்றல் கணக்கைத்தான். பலரைத் தவறான தோட்டாவை வாங்க வைப்பதும் அதே கணக்குதான்.

.357 மேக்னம் என்ற தோட்டா வகையை எடுத்துக்கொள்வோம். வழக்கமான 125 கிரெய்ன் (எடை அலகு; ஒரு கிராமுக்குச் சுமார் 15) ஹாலோ பாயின்ட், அதாவது முனையில் குழியுள்ள, குண்டு குழல்வாயில் விநாடிக்கு 1,450 அடி வேகத்தில் கிளம்புகிறது. ஆற்றல் 583 ஃபுட் பவுண்டு. 158 கிரெய்ன் குண்டுக்கு 1,235 அடி, 535 ஃபுட் பவுண்டு. முதலாவதே வலுவானது என்று தோன்றும். 50 கஜம் தாண்டும்போது கணக்கு 427, 428 என்று சமமாகிவிடுகிறது. லேசான குண்டு காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழக்கிறது.

உடலுக்குள் நடப்பது இதைவிட முக்கியம். 125 கிரெய்ன் குண்டு தற்காப்புக்காகச் செய்யப்பட்டது. பட்டதும் சட்டென விரியும், சில சமயம் சிதறும். விலாவில் பட்டால் மான் பிழைக்காது. தோள் எலும்பில் பட்டால் மறுபக்க நுரையீரலை எட்டாமலே நின்றுவிடக்கூடும். மறுபக்கம் துளை இருக்காது. ரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே தங்கும், தரையில் சொட்டாது. நவம்பர் மாலையில், உதிர்ந்த இலைகளுக்கு நடுவே, ரத்தத் தடமில்லாத மானைத் தேடுவது எவ்வளவு கொடுமை என்பது தேடியவர்களுக்குத் தெரியும். மான் படும் வேதனை அதைவிடப் பெரிது.

ரைஃபிள் குண்டு தன் வேகத்தாலேயே சுற்றியுள்ள திசுவைக் கிழிக்கும். கைத்துப்பாக்கிக் குண்டுக்கு அந்த வேகம் கிடையாது. அது போட்ட துளை எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்பதே எல்லாம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் குண்டு உள்ளே விரிந்தபடியே மறுபக்கம் வெளியேறுமா?

.357-இல் அதற்கு 158 கிரெய்ன்தான் கீழ்வரம்பு. முனையில் மட்டும் ஈயம் தெரிய மற்றதைச் செம்பு உறை மூடிய மென்முனை ஜாக்கெட் குண்டோ, ஹார்னடி நிறுவனத்தின் எக்ஸ்டிபி போலக் கட்டுப்பாட்டோடு விரியும் குண்டோ நல்லது. 180 கிரெய்ன் இன்னும் ஆழமாகப் போகும். ஆனால் 6 அங்குலக் குழலாவது இல்லாவிட்டால் விரியப் போதிய வேகம் கிடைக்காது. எந்த எடையானாலும் .357-க்கு 50 கஜமே எல்லை என்பது என் உறுதியான கருத்து. மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், குண்டு தோளுக்குச் சற்றுப் பின்னால் இரு நுரையீரலையும் துளைக்க வேண்டும். அது அமையாவிட்டால் சுடக்கூடாது.

.44 மேக்னத்தில் இவ்வளவு நெருக்கடி இல்லை. 1955-இல் வந்ததிலிருந்து 240 கிரெய்ன்தான் அதன் இயல்பான எடை. மானுக்கு இன்றும் அதைவிடப் பொருத்தமானது இல்லை. சாதாரண ஆலைத் தோட்டாவே குழல்வாயில் 1,180 அடி, 741 ஃபுட் பவுண்டு தருகிறது. 50 கஜத்தில் 623 மிச்சம். பக்கவாட்டில் பட்டால் பெரும்பாலும் இரண்டு துளை கிடைக்கும். 300 கிரெய்ன் வாங்கத் தோன்றும், ஆனால் மானுக்கு அது தேவையில்லை. அந்தக் குண்டுகள் கரடி, எல்க் போன்ற பெரிய விலங்குகளுக்காகக் கெட்டியாகச் செய்யப்பட்டவை. மெல்லிய மானின் உடலில் சரியாக விரியாமலே கடந்துபோகக்கூடும்; சுடும்போது துப்பாக்கி கையை உதைக்கும் பின்னுதை மட்டும் கூடும். 180, 200 கிரெய்ன் ஹாலோ பாயின்ட்டுகளின் குறை, .357-இன் 125 கிரெய்னுக்குச் சொன்னதே.

.45 கோல்ட்டில் எடையைவிட அழுத்தத்தில்தான் கவனம் வேண்டும். 1873-இல் பிறந்த இந்தத் தோட்டாவின் தர அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு; .44 மேக்னத்துக்கு 36,000. பழைய அளவான 255 கிரெய்ன் ஈயக்குண்டு 860 அடி வேகத்தில் போனாலும் அருகிலிருக்கும் மானுக்குப் போதும். 300 கிரெய்ன் பலத்த தோட்டாக்கள் ரூகர் பிளாக்ஹாக் போன்ற வலுவான துப்பாக்கிகளுக்கு மட்டுமே. பழைய கோல்ட் ரிவால்வரிலோ அதன் நகலிலோ போட்டால் சிலிண்டரே வெடிக்கக்கூடும். இரண்டு வகையையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

விரியாத கடின வார்ப்பு ஈயக்குண்டுகளுக்குத் தனி ரசிகர்கள் உண்டு. முனை அகலமாகவும் தட்டையாகவும் இருந்தால் அவை நன்றாகவே வேலை செய்யும். உருண்டை முனை உதவாது. நுரையீரலில் மட்டும் பட்ட மான், விரியும் குண்டு பட்டதைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம் ஓடும், ஆனால் இரு துளையிலும் ரத்தம் வழியும். ஈயக்குண்டின் விட்டம் சிலிண்டரின் முன்வாய் அளவுக்குப் பொருந்த வேண்டும். சிறுத்தால் சூடான வாயு ஓரத்தில் புகுந்து ஈயத்தை உருக்கிக் குழலில் படியவைக்கும். சில சுற்றுகளிலேயே குறி சிதறும்.

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாக் குண்டு கட்டாயம். முழுச் செம்புக் குண்டு எடை குறையாமல் ஊடுருவுவதால் .357-இல் 140 கிரெய்ன் செம்பு, 158 கிரெய்ன் ஈயத்தின் வேலையைச் செய்துவிடும். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குக் குண்டு நீளும், தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் ஆழமாக இறங்கி வெடிமருந்துக்கான இடத்தை எடுத்துக்கொள்ளும். ஈயக்குண்டின் மருந்தளவை இதற்குப் போட்டால் அழுத்தம் எகிறும்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வர்ஜீனியா குழல்வாயில் 350 ஃபுட் பவுண்டு கேட்கிறது. கொலராடோ 50 கஜத்தில் 550 கேட்கிறது, மேலே சொன்ன .357 தோட்டாக்கள் இரண்டும் அங்கே தேறாது, .44 தேறும். ஒஹையோவில் குழல் குறைந்தது 5 அங்குலம், தோட்டா நேர்ச்சுவர் வகை (கூடு வாய்ப்பக்கம் குறுகாதது). ஒவ்வோர் ஆண்டும் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.

சொந்தமாகத் தோட்டா நிரப்புபவர்கள் எச்110 அல்லது டபிள்யூ296 மருந்தை நாடுவார்கள். இரண்டும் ஒரே மருந்துதான். கையேட்டில் உள்ள அளவுக்குக் கீழே இதைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் சீராக எரியாமல் குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளலாம். மருந்தைப் பற்றவைக்கும் மேக்னம் பிரைமரும் கூட்டின் வாயை இறுக்கி மடித்த கிரிம்ப்பும் இதற்கு வேண்டும். கிரிம்ப் தளர்ந்தால் பின்னுதையில் மற்ற தோட்டாக்களின் குண்டுகள் முன்னே நகர்ந்து சிலிண்டரைச் சுழலவிடாமல் பூட்டிவிடும். சோதிப்பது எளிது: ஆறாவது தோட்டாவின் நீளத்தை வெர்னியரில் அளந்து வைத்து, ஐந்தைச் சுட்டுவிட்டு மறுபடி அளக்க வேண்டும். நீளம் கூடியிருந்தால் அந்தத் தொகுதி காட்டுக்குப் போகக்கூடாது.

எடையை மாற்றினால் குறியை மீண்டும் சரிசெய்ய வேண்டும். கனமான, மெதுவான குண்டு குழலில் கூடுதல் நேரம் இருக்கும். அதற்குள் பின்னுதை குழலைத் தூக்குவதால் கிட்டத்தில் அது மேலே படும். 240 கிரெய்ன் குண்டை 1,300 அடி வேகத்தில் 50 கஜத்துக்குச் சரிசெய்தால் 100 கஜத்தில் 5 முதல் 6 அங்குலம் தாழும். காட்டில் உட்காரும் அதே நிலையில் ஆறு தோட்டாவும் 8 அங்குலத் தட்டுக்குள் விழும் தூரமே உங்கள் எல்லை.

சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலான இடுக்கில் சீறும் வாயு விரலைக் கிழிக்கும். துப்பாக்கியைத் தாங்க வைக்கும் தாங்குகோலைப் பிடிக்கும் கை அங்கே போகவே கூடாது. காதுக்கு மின்னணுக் காப்பு போட்டால் மானின் காலடியும் கேட்கும், செவியும் பிழைக்கும்.

பயிற்சிக்குச் செலவு குறைய அதே துப்பாக்கிகளில் பொருந்தும் வலுக்குறைந்த .38 ஸ்பெஷல், .44 ஸ்பெஷல் தோட்டாக்களைச் சுடுவது நல்ல வழக்கம். ஆனால் அந்தக் குட்டைக் கூடுகள் சிலிண்டர் அறைக்குள் ஒரு கரி வளையத்தை விட்டுப்போகும். மேக்னம் தோட்டா அதில் முட்டி உள்ளே இறங்காது. இறங்கினாலும் சுட்ட கூடு வெளியே வராது. பருவம் தொடங்கும் முன் பித்தளைத் தூரிகையால் ஆறு அறைகளையும் தேய்த்துவிட்டு, வேட்டைக்கு எடுத்துப்போகும் தோட்டா ஒவ்வொன்றையும் அறையில் போட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே இறங்கி உட்கார வேண்டும்.