கார்ப்பென்டர்ஸ் 'தி சிங்கிள்ஸ் 1969–1973': கேரனின் குரலுக்காகவே வாங்கலாம்

அமெரிக்க பாப் குழு கார்ப்பென்டர்ஸின் ஹிட் பாட்டுத் தொகுப்பு இது. பழுப்பு உறை, பொன்னிற எழுத்து, உள்ளே 12 பாட்டு. பழைய இசைத்தட்டு விற்கும் கடையில் வாங்கினேன். ஓரம் நைந்திருந்தது, முதல் பக்கத்தில் லேசான கரகரப்பு வேறு. ஆனால் கேரன் கார்ப்பென்டர் பாட ஆரம்பித்ததும் அதெல்லாம் காதில் விழவே இல்லை.

அண்ணன் ரிச்சர்ட் பியானோவும் இசைக்கோர்ப்பும், தங்கை கேரன் குரலும் ட்ரம்ஸும், இவ்வளவுதான் இந்தக் குழு. பாப் பாடகிகள் மேலே மேலே போய் அசத்துவார்கள், கேரன் கீழ் ஸ்தாயியில் இறங்கி, நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பாடுகிறார், மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. 'வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்' முதலில் கலிபோர்னியாவில் ஒரு வங்கியின் டிவி விளம்பரத்துக்காகப் போட்ட மெட்டு. அதைக் கேட்டு முழுப் பாட்டாகப் பதிவு செய்யலாம் என்று ரிச்சர்டுக்குத் தோன்றியதே பெரிய விஷயம். கேரன் பாடிக் கேட்டால் விளம்பர வாசனை துளிகூட இல்லை.

முதல் பக்கத்தின் கடைசி மூன்று பாட்டுகளுக்காகவே காசு கொடுக்கலாம். 'சூப்பர்ஸ்டார்', 'ரெய்னி டேஸ் அண்ட் மண்டேஸ்', 'குட்பை டு லவ்' மூன்றும் இடைவெளியே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடுகின்றன. மூன்றாவதில் டோனி பெலூஸோவின் கரகர கிட்டார் திடீரென்று சீறும், மெல்லிசைக் குழுவுக்கு இது எதற்கு என்று அந்தக் காலத்து ரசிகர்கள் சிலர் கோபமாகக் கடிதமே எழுதினார்களாம். எனக்கு அந்த இடம்தான் உயிர்.

இரண்டாம் பக்கம் கொஞ்சம் தொய்வு. 'சிங்' குழந்தைகளுக்கான பாட்டு, தாண்டிவிடலாம். 'யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்' மட்டும் திரும்பத் திரும்ப ஓடுகிறது எங்கள் வீட்டில்.

ஒரு குறை மனதில் உறுத்துகிறது. கேரன் அடிப்படையில் ட்ரம்மர், டௌனி பள்ளியின் பேண்டில் வாசித்துப் பழகியவர். ஆனால் ஹிட் பாட்டுகள் பலவற்றில் ட்ரம்ஸ் வாசித்தவர் ஸ்டுடியோ கலைஞர் ஹால் பிளெய்ன். 'டிக்கெட் டு ரைட்' பாட்டில் கேரனே வாசிக்கிறார், அதைக் கவனித்துக் கேளுங்கள்.

சாப்பாட்டையே ஒதுக்க வைக்கும் அனோரெக்சியா நோயால் இதயம் பழுதாகி, 1983 பிப்ரவரியில், 32 வயதில் கேரன் இறந்துபோனார். 1979-80இல் நியூயார்க்கில் இசைத் தயாரிப்பாளர் ஃபில் ரமோனுடன் அவர் பதிவு செய்த தனி ஆல்பத்தை அப்போது கிடப்பில் போட்டுவிட்டார்கள், 1996இல்தான் வெளியே வந்தது. அந்த உழைப்பை அவர் இருக்கும்போதே வெளியிட்டிருக்க வேண்டும், நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

பின்னால் வந்த தொகுப்புகள் பலவற்றில் ரிச்சர்ட் பாட்டுகளை ரீமிக்ஸ் செய்திருக்கிறார். பழைய ஒலி வேண்டுமென்றால் இந்த இசைத்தட்டையே தேடி வாங்குங்கள், வாங்கும்முன் முதல் பக்கத்தில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.