லாக் அழுத்தினால் தானே திறக்கும் பிராக்கெட்

என் கால்குலேட்டரில் லாக் (மடக்கை, அதாவது 10-ஐ எத்தனையாவது படிக்கு உயர்த்தினால் ஓர் எண் வரும் என்பது) பொத்தானை அழுத்தினால் கூடவே ஒரு பிராக்கெட்டும் திறந்துகொள்ளும். அதை மூடுவது நம் பொறுப்பு. பல வருடப் பழக்கத்துக்குப் பிறகும் இதன் மேல் எனக்குக் கோபம் குறையவில்லை. புதிதாக ஒன்று வாங்க வேண்டும், இது எப்படி இருக்கிறது என்று நண்பர் கேட்டதால் எழுதுகிறேன்.

லாக் 25 மட்டும் வேண்டுமென்றால் தொல்லை இல்லை. மூடாமலே சமக்குறியை அழுத்தினாலும் 1.39794 வந்துவிடும். வகுத்தல் வந்தால்தான் வினை. 7 சதவீதக் கூட்டு வட்டியில் பணம் இரட்டிப்பாக எத்தனை வருடம் ஆகும்? லாக் 2-ஐ லாக் 1.07-ஆல் வகுக்க வேண்டும். விடை 10.24. ஆனால் 2-க்குப் பின் பிராக்கெட்டை மூடாவிட்டால், அது 2-ஐ லாக் 1.07-ஆல் வகுத்து, வந்த 68.06-க்கு மறுபடி லாக் எடுத்து 1.83 என்று காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது. பூஜ்யத்துக்கு லாக் கேட்டால் உடனே எரர் காட்டும் கருவி, இங்கே வாயே திறப்பதில்லை. கணக்குப் போடுபவர் 1.83-ஐ அப்படியே எழுதிக்கொண்டு போய்விடுவார். இது சின்னக் குறை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பலரும் லாக் 100-ஐ லாக் 10-ஆல் வகுத்துப் பார்த்து, 2 வந்தால் திருப்தி ஆகிவிடுகிறார்கள். லாக் 10 என்பது 1 என்பதால் பிராக்கெட்டை மூடினாலும் மூடாவிட்டாலும் அங்கே 2-தான் வரும். சோதிப்பதானால் 8-ஐயும் 2-ஐயும் வைத்துச் சோதியுங்கள். 3 வர வேண்டும், 1.42 வந்தால் பிராக்கெட் திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். அடிமானத்தை, அதாவது 10-க்குப் பதில் எந்த எண்ணைப் படிக்கு உயர்த்துவது என்பதை, நாமே கொடுக்கும் தனிப் பொத்தான் ஒன்று இதில் இருக்கிறது. இரண்டு கட்டங்கள் வரும்; கீழே 1.07, மேலே 2, அவ்வளவுதான், 10.24 வந்துவிடும். வகுத்தலே வேண்டாம். இதைப் பார்த்த நாளில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். அடித்தது முழுவதும் திரையில் நிற்பதால், அம்புக்குறியால் பின்னே போய் ஓர் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளவும் முடிகிறது.

லாக் டேபிளில் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. 0.002-க்கு அட்டவணை முறையில் 3-க்கு மேல் பார் (அந்த 3 மட்டும் எதிர்மம் என்று காட்டும் கோடு) போட்டு .3010 என்று எழுதுவோம். கால்குலேட்டர் −2.69897 என்று காட்டும். −3-உடன் 0.30103-ஐக் கூட்டிப் பாருங்கள், இரண்டும் ஒன்றுதான். ஆன்டிலாக் எடுக்கும்போது, அதாவது லாக்கிலிருந்து மூல எண்ணுக்குத் திரும்பும்போது, பாரை மறந்துவிட்டு, ஷிஃப்ட், லாக் அழுத்தி அந்த எதிர்ம எண்ணை அப்படியே கொடுத்தால் போதும். பக்கத்தில் இருக்கும் எல்என் (ln) பொத்தான் வேறு. அதன் அடிமானம் 2.71828. வகுத்தலில் மேலும் கீழும் ஒரே பொத்தானைப் பயன்படுத்தும்வரை எதைத் தொட்டாலும் விடை மாறாது. கலந்தால் போச்சு.

அப்புறம், பழைய வகை. அதில் எண்ணை முதலில் அடித்து, பிறகு லாக். 2, லாக், வகுத்தல், 1.07, லாக், சமக்குறி: 10.24. பிராக்கெட் என்ற பேச்சே கிடையாது. ஒரே வரித் திரை, அடித்தது எதுவும் மிஞ்சாது, அடிமானப் பொத்தானும் இல்லை. வசதிகளை வரிசையாக எழுதி ஒப்பிட்டால் புதியதுதான் ஜெயிக்கும். இருந்தாலும் என் காசைப் போட்டு நாளைக்கே வாங்க வேண்டுமென்றால், நான் பழைய வகையைத்தான் தேடிப் போவேன்.