எக்ஸோசெட் கிட்: முதலில் பார்க்க வேண்டியது பழைய மியாட்டாவை

வீட்டு ஷெட்டில் கார் கட்டத் தொடங்குகிறவர்களில் பலர் தடுக்கி விழுவது வெல்டிங்கிலும் சஸ்பென்ஷன் அளவுகளிலும்தான். பிரிட்டனில் ஸ்டூவர்ட் மில்ஸ் வடிவமைத்த எம்இவி எக்ஸோசெட், பழைய காரின் பாகங்களை வைத்து வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் கிட் கார். அது இந்த இரண்டு வேலையையும் கட்டுபவரிடம் விடுவதே இல்லை. அமெரிக்காவில் எக்ஸோமோட்டிவ் நிறுவனம் இதன் சொந்த வடிவத்தை விற்கிறது.

சூட்சுமம் மஸ்டா எம்எக்ஸ்-5இல் இருக்கிறது. அமெரிக்கர்களுக்கு அது மியாட்டா. 1989 முதல் 2005 வரை வந்த முதல் இரண்டு தலைமுறைகளில் கியர்பாக்ஸையும், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீளமான அலுமினியச் சட்டம் பிணைத்திருக்கும். பாடியைக் கழற்றித் தூக்கிவிட்டால் எஞ்சின் முதல் பின் சக்கரம் வரை எல்லாம் ஒரே தொகுப்பாகத் தரையில் நிற்கும். அதன்மேல் கிட்டின் இரும்புக் குழாய்ச் சட்டகத்தை இறக்கி, சப்ஃப்ரேம்கள் (எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் துணைச் சட்டங்கள்) பாடியில் பிணைந்திருந்த அதே இடங்களில் போல்டு போட வேண்டியதுதான். ஏறத்தாழ 950 கிலோ கார் 700 கிலோவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. 1.6 லிட்டரின் 115 குதிரைத்திறனே போதும் போதும் என்றாகிவிடும்.

டோனர் கார், அதாவது பாகங்களைத் தரும் பழைய கார், தேடும்போது வழக்கமான புத்தியைத் தலைகீழாக்க வேண்டும். எம்எக்ஸ்-5ஐத் தின்பது கதவுக்குக் கீழே ஓடும் பாடி விளிம்பிலும் (சில்) பின் சக்கர வளைவிலும் பிடிக்கும் துரு. அந்தப் பாடி எப்படியும் குப்பைக்குப் போவதால், துருவால் ஆண்டுச் சோதனையில் தோற்ற வண்டிதான் மலிவான, சரியான தேர்வு. சப்ஃப்ரேம் துருப்பிடித்திருந்தால் மட்டும் தொடாதீர்கள். 1.6இன் ஆரம்ப ஆண்டு எஞ்சின்களில் கிராங்க் தண்டின் முன் நுனி குட்டை. அதில் புல்லியைப் பூட்டி வைக்கும் சாவிக்காடி தேய்ந்து புல்லி ஆடும். கிராங்க் புல்லியில் நான்கு வெட்டு இருந்தால் பழையது, எட்டு இருந்தால் திருத்தியது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து 1.8 வாங்கினால் டிஃபரன்ஷியலும் பிரேக்கும் பெரிதாகக் கிடைக்கும். எங்கள் ஓட்டு அதற்கே.

பிரிக்கும் வேலையில் நேரத்தை விழுங்குவது கீழ் விஷ்போன்களின் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் கைகள்) கேம்பர் போல்டுகள், அதாவது சக்கரத்தின் சாய்வைச் சரிசெய்பவை. புஷ் எனும் ரப்பர் உருளையின் உள் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். சுத்தியல் அடித்துப் பயனில்லை, ரம்பம்தான் வழி. புது போல்டுகளையும் புஷ்களையும் முதலிலேயே வாங்கி வையுங்கள், மாட்டும்போது கிரீஸ் தடவுங்கள். பாடியைத் தூக்கும் முன் கியர்பாக்ஸுக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தொகுப்பு முறுக்கிக்கொண்டு, மேலே வரும் சட்டகத்தின் துளைகளோடு பொருந்தாது. ஹேண்ட்பிரேக் கேபிள், பிரேக் பைப், ஸ்டியரிங் இணைப்பு மூன்றும் கழன்றனவா என்று ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டுத் தூக்குங்கள்.

கிட்டைப் பற்றிக் குறை சொல்வதானால் அது வயரிங்தான். கிட்டுக்கென்று தனி வயரிங் இல்லாமல் மஸ்டாவின் பழைய வயரிங்கையே பயன்படுத்தினால், முதல் தலைமுறை வண்டியில் எழுந்து மடங்கும் ஹெட்லைட் மோட்டார், பவர் விண்டோ, ஏர்பேக் என்று தேவையில்லாத கம்பிகள் கற்றை கற்றையாக வரும். ஒவ்வொரு கனெக்டருக்கும் கழற்றும்போதே சீட்டு ஒட்டுங்கள். எஞ்சின் ஓடும்வரை ஒரு கம்பியையும் வெட்டாதீர்கள். அடுத்தது எர்த், அதாவது மின்சாரம் சட்டகம் வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. சட்டகத்தில் பவுடர் கோட்டிங் (சுட்டு ஒட்டிய பெயின்ட்) இருப்பதால் மின்சாரம் போகாது. ஸ்டார்ட்டர் முனகுவதும், மீட்டர் முள் துள்ளுவதும், விளக்கு போட்டால் எஞ்சின் தடுமாறுவதும் இதனால்தான். எர்த் போல்டு உட்காரும் இடத்தில் இரும்பு தெரியும்வரை தேயுங்கள், இறுக்கிய பிறகு கிரீஸ் பூசுங்கள். கூரை இல்லாத வண்டி என்பதால் ஃபியூஸ் பெட்டிக்கும் எஞ்சினின் கணினியான ஈசியுவுக்கும் மழை நேராக வரும். கனெக்டர் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும்.

ஹீட்டரை எடுத்துவிடுகிறவர்கள் அதன் இரண்டு குழாய்களையும் அடைத்துவிடுவது பெரிய தவறு. சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கத்து நீரோட்டம் அந்த வழியாகத்தான். அடைத்தால் நான்காம் சிலிண்டர் சூடேறும். இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள்.

பழைய ஸ்பிரிங் அப்படியே மாட்டலாம், ஓடும். ஆனால் கால் டன் எடை போனதால் வண்டி தூக்கி நிற்கும், மேடுபள்ளத்தில் துள்ளும். உயரம் மாற்றக்கூடிய காயில்ஓவருக்கு (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக வரும் தொகுப்பு) பணம் ஒதுக்குங்கள், கடைசியில் நான்கு சக்கர அலைன்மென்ட் செய்யாமல் வேகம் எடுக்காதீர்கள்.

பிரிட்டனில் சாலையில் இறக்க ஐவிஏ சோதனை (தனி வண்டிக்கான ஒப்புதல் சோதனை) உண்டு. திறந்த சட்டக வண்டிக்கு அங்கே தலைவலி வேகமோ பிரேக்கோ அல்ல, கூர்மை: வெளியே தொடக்கூடிய விளிம்புகள் 2.5 மி.மீ. ஆரமாவது வளைந்திருக்க வேண்டும். நட்டுக்கு நட்டு பிளாஸ்டிக் தொப்பி போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். வளைவிலிருந்து ஸ்டியரிங் தானாக நேராகிறதா என்றும் பார்ப்பார்கள். நீங்களே கட்டியது என்று காட்டப் படங்களும் ரசீதுகளும் தேவை, ஆகவே முதல் நாளிலிருந்தே படம் எடுங்கள். (இந்தியாவில் இப்படி ஒரு வண்டிக்குப் பதிவெண் வாங்குவது நடைமுறையில் ஆகாத காரியம், அங்கே இது டிராக் வண்டி மட்டுமே.)

கதவு கிடையாது, டிக்கி கிடையாது, மழைக்கு ஒதுங்க இடமும் கிடையாது. தினமும் ஆபீசுக்கு ஓட்ட நினைப்பவர்கள் பாடியோடு உள்ள எம்எக்ஸ்-5ஐயே வைத்துக்கொள்ளலாம். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், வெல்டிங் தெரியாது என்பவருக்கு இந்த வகையில் இதைவிடப் பொருத்தமான கிட் சொல்வது கடினம். விலை கேட்கும்போது சட்டகத்தின் விலையோடு நிறுத்தாமல் புஷ், பிரேக் பைப், கிளட்ச், டயர், சீட், பெல்ட் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான் பட்ஜெட்டை உடைக்கிறது.

ஓட்டத் தொடங்கி 100, 150 கி.மீ. ஆனதும் சப்ஃப்ரேம் போல்டுகள் அத்தனைக்கும் மறுபடி டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைக்கவும். போல்டுத் தலைக்கு அடியில் பவுடர் கோட்டிங் நசுங்குவதால் முதல் இறுக்கம் நிற்காது. சக்கர நட்டுகளுக்கு மஸ்டா சொல்வது 88 முதல் 118 நியூட்டன் மீட்டர்.